பத்து மணி ரேடியோவும் பத்து நாள் பயணமும்

இந்த மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் என்னை வாயைப் பிளக்க வைத்தது உயரமான கட்டடமோ அகலமான சாலையோ இல்லை, காலை பத்து மணி ரேடியோதான். நம் ஊரில் நேயர் விருப்பம் என்றால் நாலு பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். இங்கே பெயர் வாசிப்பதுதான் நிகழ்ச்சி, பாட்டு ஏதோ நடுவில் வந்து போகும். "காப்பார் கிருஷ்ணன், துணைவியார் முனியம்மா, பிள்ளைகள் தேவன், தேவி, பந்திங்கிலிருந்து பெரியம்மா குடும்பத்தார்" என்று அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். பண்டமாரானில் எங்கள் பலகை வீட்டு அடுப்படியில் ஐஸ்பெட்டியின் மேல் அந்த ரேடியோ இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து நானும் என் மாமியார் பாக்கியத்தம்மாளும் வெங்காயம் உரிப்போம். தெரிந்த பெயர் வந்தால் அத்தையின் கத்தி நின்றுவிடும். "அட, நம்ம காப்பார் கிருஷ்ணன்! பேரன் பொறந்திருக்கு லா, ஒரு வார்த்த சொல்லல பாரு" என்பார். பேச்சின் வாலில் 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். சாயங்காலத்துக்குள் ஒரு டின் பிஸ்கட்டோடு காப்பாருக்குக் கிளம்பிவிடுவார்.

கல்யாணமாகி வந்து மூன்று வருடமாகியும் அந்த ரேடியோவில் என் பெயர் வரவில்லை. அருப்புக்கோட்டையில் என் அப்பா சுப்பையா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே போவதும் வருவதும்தான் அவர் வாழ்க்கை. அதைத் தாண்டி ஓர் ஊரும் பார்த்ததில்லை, ஆனால் எந்த பஸ் எங்கே எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அங்கே பஸ் ஏறுகிற பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். "என்ன ராஜேஸ்வரி, பரீட்ச நல்லா எழுதினியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கே நான் செல்வத்தின் சம்சாரம், பாக்கியத்தம்மாளின் மருமகள், அடுத்த வீட்டுச் சீன அம்மாளுக்கு இந்தியாக்காரப் பெண். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரே ஒரு தடவை பத்து மணிக்கு என் பெயர் வரவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. அந்த ஆசைதான் நான் சொல்லப்போகும் எல்லா வம்புக்கும் காரணம்.

செல்வம் போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் லோரிகளுக்குச் சீட்டு எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து கண்கள் பளபளக்க வந்தார். படகுத்துறைக்கு வழி கேட்டு ஒரு வெள்ளைக்கார ஜோடி கிடங்குக்குள் நுழைந்துவிட்டதாம். "ராஜி, முதுகுல வீட்டையே கட்டிக்கிட்டுப் போறாங்க! ரூம்பு சொல்லி வைக்கிறதில்ல. பஸ்ஸு வந்தா ஏறுறாங்க, பிடிச்ச எடத்துல எறங்குறாங்க. ரொட்டியத் தின்னுட்டு ஆறு மாசமா சுத்துறாங்களாம். நமக்குப் பத்து நாள் லீவு இருக்கு, போலாமா?" இதையெல்லாம் அவர் கிசுகிசுத்துத்தான் சொன்னார். எங்கள் அறைக்கும் அத்தையின் கட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். முன் ஹாலில் துறைமுக வேலை தேடி வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எப்போதும் இரண்டு பேர் படுத்திருப்பார்கள். மூன்று வருடத்தில் நாங்கள் வாய்விட்டு ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. வாய்விட்டுச் சண்டை போடாத புருஷன் பெண்டாட்டியும் ஒரு புருஷன் பெண்டாட்டியா? ஆகவே நிபந்தனை ஒன்றுதான்: பத்து நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும், எந்தச் சொந்தக்காரர் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் புரியும். ரயில் பாதை போட வந்தவர்கள், ரப்பர் வெட்ட வந்தவர்கள் என்று நம் ஆட்கள் இந்த நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சித்தப்பா இருப்பார். அவர் ஊர் வழியாகப் போய்விட்டு அவர் வீட்டில் கை நனைக்காமல் வருவது தப்பு. ஹோட்டலில் தங்கினால் அது மகா பாவம். "ஏன், நாங்க செத்தா போயிட்டோம்?" என்று பத்து வருடம் கழித்தும் கேட்பார்கள். அதனால் செல்வம் ரகசியமாகத் திட்டம் போட்டார். அத்தையிடம்கூட, "சும்மா அப்படியே சுத்திட்டு வரோம்மா" என்று மட்டும்தான் சொன்னார். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பட்டாளத்துப் பச்சையில் இரண்டு முதுகுப்பை வாங்கினார். ஆளுக்கு இரண்டு செட் துணி, வேறொன்றும் கூடாது என்று கட்டளை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, பையின் அடியில் இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு பொட்டலம் அவல், ஒரு சில்வர் தூக்கு, ஒரு கரண்டி எல்லாம் வைத்துத் துணியால் மூடினேன். வீட்டுக்குள் தூக்கிப் பார்த்தபோது இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு தபால் அட்டை வாங்கி ரேடியோவுக்கு எழுதினேன். 'அருப்புக்கோட்டை கண்டக்டர் சுப்பையாவின் மகள், பண்டமாரான் ராஜேஸ்வரி, கணவர் செல்வத்துடன் உல்லாசப் பயணம் புறப்படுவதை முன்னிட்டு' என்று ஆரம்பித்து, எந்தத் தேதியில் எந்த ஊர், எத்தனை மணி பஸ் என்பது வரை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவிட்டேன். கண்டக்டர் மகள் இல்லையா, நேரம் எழுதாமல் கை நிற்குமா? எல்லோர் அட்டையும் மூன்று வாரம் கழித்துத்தான் வாசிக்கப்படும். அதற்குள் திரும்பி வந்து, அத்தையோடு உட்கார்ந்து கேட்டு, எல்லோரையும் அசத்திவிடலாம் என்பது என் கணக்கு. செல்வத்திடம் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் பஸ் ஏறி, லூமுட்டுக்கு வண்டி மாற ஈப்போவில் இறங்கினோம். எதிரே கையில் குடையோடு ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி.

"ஏன் லா லேட்டு? ரெண்டு மணிக்கே வந்து சேரணுமே?" என்றார் பெரியவர். செல்வத்தின் சித்தப்பா!

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் அட்டையை அன்றைக்குக் காலையிலேயே வாசித்துத் தொலைத்திருக்கிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கையெழுத்தால் கெட்டேன். செல்வம் என் காதில், "அம்மா வேலைதான் இது. எப்படியோ மோப்பம் பிடிச்சு போன் போட்டுட்டாங்க" என்று பல்லைக் கடித்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சித்தி என் கையைப் பிடித்து, "எளச்சுப் போயிருக்கியே, வாம்மா" என்று இழுத்துக்கொண்டு போக, அதையே சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன். அன்று ராத்திரி சித்தப்பா வீட்டு ஹாலில் ஐந்து பிள்ளைகளுக்கு நடுவே படுத்தோம். செல்வம் ஒரு கோடியில், நான் மறு கோடியில்.

மறுநாள் பங்கோர் தீவு. தீவில் யார் இருக்கப்போகிறார்கள் என்று செல்வத்துக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. கடற்கரையோரம் வரிசையாகச் சின்னச் சின்னப் பலகைக் குடில்கள். என்னை அங்கே உட்காரவைத்துவிட்டு அவர் ரொட்டி வாங்கப் போனார். குடில்காரர் வயதான மலாய்க்காரர். அவர் ஏதோ கேட்டார். "சுவாமி, இஸ்த்ரி" என்ற சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. புருஷன் பெண்டாட்டிதானா, அத்தாட்சி உண்டா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நம்மிடம் இல்லாத அத்தாட்சியா? ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மனிதர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். "தா பாயா! தா பாயா!" வேண்டாம், வேண்டாம் என்கிறார். நான் விடவில்லை, இன்னும் பக்கத்தில் போய்க் காட்டினேன். அவர் உள்ளே ஓடி மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கண் கலங்கி, ஒரு தட்டு நிறையச் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டார். செல்வம் திரும்பி வந்து மலாயில் பேசிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அறைக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல், புருஷன் விட்டுவிட்டுப் போன பெண் ஒருத்தி கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். நாலு பேரும் சிரித்த சிரிப்பில் மீன் ஆறிப்போனது. ஆனாலும் நான் மிச்சம் வைக்கவில்லை.

அந்த ஒன்றரை நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்கள் ஊரில் கோடை வந்தால் பெண்கள் பக்கத்துக் கிராமத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு பஸ் ஏறுவார்கள். குடத்துக்கு லக்கேஜ் போடச் சொல்லி முதலாளி கத்துவார், அப்பா காதில் விழாதது போல விசில் அடித்துவிடுவார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள் நான். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "போதும், வா, தோல் ஊறிப்போச்சு" என்று செல்வம் கெஞ்ச கெஞ்ச வெளியே வர மாட்டேன் என்றேன். அவர் அதட்டினார். நான் அதைவிடச் சத்தமாக அதட்டினேன். சுவரே இல்லாத இடத்தில் எங்கள் முதல் சண்டை, தொண்டை கிழியக் கிழிய! சண்டை முடிந்து சிரித்தபோது அவர், "ராஜி, உன் குரல் இவ்வளவு பெரிசா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். குடிலுக்குப் போய் அவலில் ஊறுகாயைப் பிசைந்து இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிட்டோம். பையிலிருந்து எடுத்தபோது கரண்டி எதற்கு என்று கேட்ட மனிதர் அதை என் கையில் கொடுக்கவே இல்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தமிழ் வாத்தியார், பின்னால் கூடையோடு அவர் மனைவி. "பண்டமாரான் ராஜேஸ்வரி யாருங்க? நேத்தே தேடினோம். நம்ம ரேடி…" என்று ஆரம்பித்தார். நான் பாய்ந்து போய், "அண்ணே, மொதல்ல தண்ணி குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொம்பை நீட்டினேன். அவர் குடித்து முடித்ததும் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டேன். மழை பற்றிக் கேட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அவர் செல்வத்துக்குச் சொந்தம்கூட இல்லை. ரேடியோவில் பெயரைக் கேட்டார், நம்ம தீவுக்கு வருகிறார்களே என்று வந்துவிட்டார், அவ்வளவுதான். அன்று மத்தியானம் அவர் வீட்டில் நண்டுக் குழம்பு. ஈப்போவில் போலவே அங்கேயும் ரேடியோ பேச்சு எழுந்தபோதெல்லாம் நான் முந்திக்கொண்டு மாற்றிவிட்டேன். சொல்லக் கூடாது, ருசியாகத்தான் இருந்தது.

பினாங்குப் படகு கரை சேர்ந்தபோது செல்வத்தின் பெரியம்மா ஒரு வேன் நிறைய ஆட்களோடு நின்றார். ஒரு குழந்தையின் கையில் ரோஜா மாலை வேறு. செல்வம் அதைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, "ஒரு நிமிஷம் பெரியம்மா" என்று நேராகப் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். நான் கதவை ஒட்டி நின்றேன். மாலையோடு நின்று அவர் கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க? பத்து நாள் எங்கள நிம்மதியா விட முடியாதா? ஊர் பூராவும் போன் போட்டு ஆள் அனுப்புறீங்க! இனிமே சரிப்படாது. திரும்பி வந்ததும் நானும் ராஜியும் சுங்கை வேயில தனியா வீடு பாத்துக்கிறோம்."

அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் எனக்கும் கேட்டது. "சரிப்பா. ராஜி நேரத்துக்குப் பசியாறுச்சா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குக் குற்ற உணர்ச்சிக்கு முன்னால் வந்தது சந்தோஷம். சுங்கை வேயில் தனி வீடு! கதவைச் சாத்தினால் சாத்தியது. என் அடுப்பு, என் நேரம், உரக்கப் பேசலாம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வீடு தானாக வரும். ஆனால் அத்தைக்கு ஒரே பிள்ளை. மாமா போன பிறகு கப்பல்காரர்களின் துணி துவைத்து அவரைப் படிக்க வைத்தவர். அன்று மத்தியானம் பெரியம்மா எங்களைப் பினாங்கின் வானுயர்ந்த கோபுரக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனார். கீழே நகரம், கடல், பாலம், எறும்பு போலக் கார்கள். அப்பா பார்த்தால் எந்த பஸ் எங்கே திரும்புகிறது என்று எண்ணியிருப்பார். நான் எதையும் பார்க்கவில்லை. சொல்வதா, வேண்டாமா என்பதிலேயே மனசு நின்றது.

அங்கிருந்து திரும்ப பஸ் ஏறி, ஜெராண்டுட் போய், படகில் மூன்று மணி நேரம் ஆற்றில் மேலேறி, தாமான் நெகாரா காட்டுக்குள் போனோம். அட்டையில் காடும் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் யாரும் வரமுடியவில்லை. படகை விட்டு இறங்கியதும் செல்வம் நாலா பக்கமும் பார்த்தார். குடை இல்லை, கூடை இல்லை, மாலை இல்லை. "ராஜி! ஒருத்தரும் இல்ல!" என்று குதித்தார். மரமென்றால் அப்படி மரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. எங்கோ உயரத்தில் இருவாட்சிப் பறவை சிறகடித்தது, ரயில் வண்டி நீராவி விடுவது போல. நடந்துகொண்டே அவர் சுங்கை வே வீட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். சமையலறைக்கு என்ன சாயம், ஜன்னலுக்கு என்ன திரை. "உனக்குன்னு ஒரு ரேடியோ வாங்கலாம்" என்றார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறியிருந்தது, தபால் அட்டை இல்லை, ரத்தம் குடிக்கிறது. குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தவரின் தலையைப் பார்த்துச் சொன்னேன். "அத்தை யாருக்கும் போன் பண்ணல. நான்தான் ரேடியோவுக்கு எழுதிப் போட்டேன்."

அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "பஸ் நேரமுமா எழுதின?"

"ஆமா."

"படகு நேரம்?"

"அதுவும்."

சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மாவ என்னென்ன சொல்லிட்டேன் ராஜி" என்றார். சுங்கை வே வீட்டைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அதைக் கேட்க வாய் இல்லை. காட்டில் இன்னும் இரண்டு நாள் இருந்தோம், மழையில் நனைந்தோம், ஒரு தடவை மானைப் பார்த்தோம். ஆனாலும் எப்போது வீட்டுக்குப் போவோம் என்றுதான் இருந்தது.

திரும்பும் வழியில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி அத்தைக்கு மல்லிகைச் சரம் வாங்கினோம். தோசைக் கடையில் செல்வம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னிடம் ஒத்திகை பார்த்தார். மூன்று தோசை உள்ளே போயும் முதல் வாக்கியம் வெளியே வரவில்லை. பண்டமாரான் வீட்டில் அத்தை எங்களைப் பார்த்ததும், "வெயில்ல கறுத்துப் போயிட்டீங்களே ரெண்டு பேரும்" என்றார். செல்வம் பையைக்கூட இறக்காமல் நின்றார். நான்தான் முந்திக்கொண்டேன். "அத்தை, தப்பு என்னுது. ரேடியோவுக்கு அட்டை போட்டது நான்."

"தெரியும்" என்றார் அத்தை.

"தெரியுமா?"

"நீங்க பஸ் ஏறுன அன்னைக்கே படிச்சுட்டாங்களே. இங்கதானே உக்காந்து கேட்டேன்."

செல்வம் திகைத்துப்போய், "அப்புறம் ஏம்மா போன்ல சொல்லல?" என்றார்.

"சொன்னா என்ன பண்ணுவே? நடுரோட்டுல வச்சு அந்தப் புள்ளயத் திட்டுவே. ஆசையா ஊர் பாக்கப் போன புள்ள அழுதுகிட்டா திரும்பி வரணும்? என்னையத் திட்டுனா திட்டிட்டுப் போ. நான் பெத்தது, தாங்கிக்குவேன்" என்றவர், என் பக்கம் திரும்பி, "நான் போன் போட்டிருந்தா மூணு பேரு வந்திருப்பாங்க. நீ கூப்பிட்ட, ஊரே வந்திருக்கு லா" என்று சிரித்தார். நான் அவர் மடியில் விழுந்து அழுதுவிட்டேன். செல்வம் மல்லிகைச் சரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரேடியோவின் மேல் வைத்தார்.

அத்தை எழுந்துபோய் ஒரு கேசட்டைப் போட்டார். ரேடியோவிலேயே டேப் உண்டு. பிடித்த பாட்டு வந்தால் அத்தை பிடித்து வைப்பார். அருப்புக்கோட்டை என்று காதில் விழுந்ததும் வெங்காயக் கையோடு ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். "…கண்டக்டர் சுப்பையாவின் மகள், பண்டமாரான் ராஜேஸ்வரி, காலை எட்டு மணிப் பேருந்தில் புறப்பட்டு ஈப்போ, லூமுட், பங்கோர் தீவு, பினாங்கு" என்று அந்தக் குரல் என்னைச் சொல்லிக்கொண்டே போனது. மூன்று தடவை போட்டுக் கேட்டேன். நாலாவது தடவை போடப் போனபோது அத்தை கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கப்பா பேரும் இதுல வருது. அவரு கேக்க வேணாமா? அனுப்பிவிடு." இருந்தது அந்த ஒன்றுதான். மனசே இல்லாமல்தான் தபாலில் போட்டேன். அதே வாரம் அத்தை தன் கட்டிலை எங்கள் பலகைச் சுவரோரத்திலிருந்து முன் ஹாலின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

ஒன்றரை மாதம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. வீட்டில் டேப் கிடையாது, அதனால் கேசட்டை பஸ்ஸில் போட்டிருக்கிறார். டிரைவருக்கும் பிடித்துப்போய், தினமும் முதல் நடையில் சினிமாப் பாட்டுக்கு முன்னால் அதுதானாம். காரியாபட்டியில் மூட்டையோடு ஏறிய ஒருவர், ஈப்போ, லூமுட், பினாங்கு என்று கேட்டதும் பதறி எழுந்து, "கண்டக்டரே, வண்டி மதுரைக்குத்தானே போகுது?" என்று கேட்டாராம். "நம்ம வண்டி மதுரைக்குத்தான்யா. அது எம் மக போற வண்டி. நீங்க உக்காருங்க" என்று சொல்லி அப்பா டிக்கெட் கிழித்தாராம்.